உப்புச் சம்படத்தில் கரும்பாறைக் குளம்

பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டால் வீடு காலியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்த்ததில்லை. மூத்தவன் எட்வின் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறியபோது ஓடாத மோட்டார் சைக்கிளையும், மூலை உடைந்த கேரம் பலகையையும், அவன் மகள் படுத்த தொட்டிலையும் என்னிடம் விட்டுவிட்டு, "யம்மா, எதையும் தூக்கிப் போட்டுராத" என்று சொல்லிப் போனான், நானும் வைத்திருக்கிறேன். இளையவள் பியூலா கோயம்புத்தூரில் கல்லூரி வேலைக்குப் போனபோது அதே வார்த்தையை இன்னும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லி, ஒரு பச்சைப் பெட்டியைப் பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டுப் போனாள், அதையும் வைத்திருக்கிறேன். ஆண்டவர் எனக்குத் தந்தது இரண்டு அறை வீடு. அதற்குள் நானும் இவங்க அப்பாவும் பக்கவாட்டாக நடக்கப் பழகிக்கொண்டோம்.

பச்சைப் பெட்டிக்குள் இருந்தது தவளைகளின் சத்தம். பியூலா தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள். தென்காசிப் பக்கம் எங்கள் மலையடிவாரத்தில் எத்தனை குளம் உண்டோ அத்தனை குளத்துக்கும் போவாள், மழை தூறினால் ஊர் முழுக்க வீட்டுக்குள் ஓடி வரும்போது அவள் மட்டும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவாள், முழங்கால் தண்ணீரில் நின்று எந்தக் குளத்தில் எந்தத் தவளை எந்த மாதம் எப்படிக் கத்துகிறது என்று பதிவு செய்து வருவாள், முதலில் கேசட், பிறகு சிடி, பிறகு செங்கல் கனத்தில் ஒரு கறுப்பு டப்பா. ஊரில் கேட்டார்கள், "உம் மக டாக்டருக்குப் படிக்கியாளாமே?" நான் சொல்வேன், "ஆமா, தவளைக்கு." அவளிடம் கேட்டால், "யம்மா, இது இன்னும் அம்பது வருஷம் கழிச்சுப் பொறக்கிற பிள்ளைங்களுக்கு. இங்க என்னென்ன கத்திச்சுன்னு அதுங்களுக்குத் தெரியணும்லா" என்பாள். பிறகு அவளுடைய ஆராய்ச்சித் திட்டம் முடிந்தது. திட்டம் முடிந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். அறையைக் காலி செய்தால் தவளைகள் எங்கே போகும் என்று அந்த ஆபீசில் ஒருவரும் கேட்கவில்லை. அம்மா வீடு என்று ஒன்று இருக்கிறதே!

பெட்டி பீரோவுக்கு மேலே கிடந்தது. கேசட்டுகளில் பூஞ்சை பிடித்தது. அதைப் போட்டுக் கேட்கும் பெட்டி கடையில் விற்பதும் நின்றுபோனது. ஒரு கிறிஸ்துமஸ் லீவில் பியூலா வந்து கறுப்பு டப்பாவைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். அது பல்லி மாதிரி டக் டக் என்று மட்டும் சொல்லிற்று. அவள் அதை மூடி வைத்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. கேக் வெட்டவில்லை. அதற்குப் பிறகு தவளை என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை.

அடுத்த வருஷம் சாரல் தொடங்கின ஒரு காலையில் நான் ஜெபத்தை முடித்து எழுந்து தோசை மாவுச் சட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு குளம் கத்தியது.

தவளை இல்லை, தண்ணீர் இல்லை, மாவு வெள்ளையாக மாவாகத்தான் இருந்தது. ஆனால் குளக்கரையின் குளிர்ச்சி முகத்தில் அடித்தது, பாசி வாடை வந்தது, பத்து நூறு தவளைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கத்துகிற சத்தம் சட்டி நிறைய இருந்தது. மூடினேன், நின்றது. திறந்தேன், கத்தியது. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தால் அதில் ஒற்றைத் தவளை தச்சுவேலை செய்கிற மாதிரி டொக், டொக் என்றது. குக்கருக்குள் தூறலில் ஒரு கூட்டம். தூக்குவாளியில் இரண்டு தேரைகள் மாறி மாறி. உப்புச் சம்படத்தில் என்னவோ வளையலும் வளையலும் இடிக்கிற மாதிரி ணிங், ணிங் என்று மெல்லிசாக ஒன்று. பச்சைப் பெட்டியை இறக்கித் தட்டிப் பார்த்தேன், முன்னைவிட லேசாக இருந்தது. ஏன், எப்படி என்று நான் யாரையும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் வீட்டுக்குள் என்னென்னவோ வரும். பழக்கத்தில் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் தோசை வார்த்தேன். இவங்க அப்பா பஸ் கண்டக்டராக இருந்து விசில் ஊதியே காது போனவர். அந்தக் கூச்சலுக்கு நடுவில் உட்கார்ந்து, "இன்னிக்குத் தோசை மெத்துனு இருக்கு" என்றார்.

முதலில் வந்தவள் அடுத்த வீட்டுச் செண்பகம். "என்ன கிருபைக்கா, அடுக்களைக்குள்ள நாத்து நட்டிருக்கியளா?"

"பியூலாவோடதுட்டி. பெட்டியிலேர்ந்து இறங்கிப் பாத்திரத்துல ஏறியிருக்கு."

செண்பகம் ஒவ்வொரு மூடியாகத் திறந்து கேட்டாள், கலியாண வீட்டில் பலகாரம் பார்க்கிற மாதிரி. "பிள்ளை சம்பாத்தியம் எப்படியோ வீடு வந்து சேந்துட்டு" என்றாள். "எனக்கு அந்தத் தூக்கைக் குடுங்க. மருமக வீட்டுலேர்ந்து ஆளு வாராவ, பாயசம் வைக்கணும், கொஞ்சம் சவ்வரிசி வேணும்."

தூக்கில் சவ்வரிசியைப் போட்டுக் கொடுத்தேன். அவள் வீட்டுக்குப் போய் சவ்வரிசியைத் தன் ஏனத்தில் கொட்டினாள், கடன் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது அல்லவா, அதனால் சாயங்காலம் அதில் பாயசம் ஊற்றிக் கொண்டுவந்தாள். என் தூக்கில் தேரைகள் இருந்தபடியே இருந்தன. அவள் ஏனத்திலும் அதே இரண்டு தேரைகள், அதே மாறி மாறி, ஒரு மூச்சு கூடக் குறையவில்லை. கொட்டும்போது ஒட்டிக்கொண்டது, கொடுத்தவளிடமும் இருந்தது.

பிறகென்ன, தெரு சும்மா இருக்குமா? புளி கேட்டு வந்தார்கள், சீனி கேட்டு வந்தார்கள், ஒன்றும் கேட்கத் தோன்றாதவர்கள் "ஒரு கரண்டி மாவாவது தாங்களேன்" என்று வந்தார்கள். கோடி வீட்டு ரஹ்மத் கைப்பிள்ளை அழும்போதெல்லாம் பால் பாட்டில் மூடியைத் திறந்து வைத்தாள், பிள்ளை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டே தூங்கிற்று. டீக்கடையில் எந்தக் குளத்துச் சத்தம் ஒசத்தி என்று இரண்டு கட்சி உண்டாகி ஒரு கிளாஸ் உடைந்தது. செண்பகத்தின் அடுக்களைக்கு ஒரு சாரைப்பாம்பு வந்து, ஏனத்துக்குள் தலையை விட்டுப் பார்த்து, சவ்வரிசியைக் கண்டு வெறுத்துப்போய், வந்த வழியே திரும்பிற்று. அது போகும்போது முகம் வாடியிருந்தது என்று செண்பகம் எல்லாரிடமும் சொன்னாள். எங்கள் கோயில் உபதேசியார் மட்டும் கொஞ்சம் பயந்தார். "வேதத்துல எகிப்துக்காரங்களுக்கு வந்த வாதை தவளைதான் அம்மா" என்றார். "அது தவளை, ஐயா, இது சத்தம்தானே" என்றேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்து, டம்ளரை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்.

இதற்கெல்லாம் நடுவில் இந்தச் சத்தங்களைப் பெற்றவளுக்குச் சொல்ல வேண்டுமே. பியூலாவுக்குப் போன் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல், போனை மாவுச் சட்டிக்குள் பிடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொன்னாள், "நெடுங்குளம். கிழக்குக் கரை. மழைக்கு மறுநாளு. யம்மா, பின்னால ஒரு லாரி போகும், கேக்குதா?"

கேட்டது. மாவுக்குள் லாரி போயிற்று.

அவள் அழுதாள், சிரித்தாள், அடுத்தது அடுத்தது என்றாள். ஒவ்வொரு பாத்திரமாகப் பிடித்தேன், ஒவ்வொன்றையும் பேர் சொன்னாள், தன் வயிற்றுப் பிள்ளைகளை அடையாளம் காண்கிற மாதிரி. கடைசியில் சம்படத்தைத் திறந்து அந்த ணிங், ணிங் சத்தத்தைக் காட்டினேன். "கரும்பாறைக் குளம்" என்றாள். கரும்பாறைக் குளம் இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் கல்லுடைத்த தூசி மேடாகக் கிடக்கிறது. அந்தச் சின்னத் தவளையை அவள் அங்கே ஒரே ஒரு சாயங்காலம்தான் கேட்டாள், அதற்கு முன்னும் பின்னும் உலகத்தில் ஒருவரும் கேட்டதில்லையாம், அதற்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லையாம். "அதை மட்டும் நீகூடத் திறக்காதம்மா" என்றாள்.

பிறகு அவளுக்கு வாத்தியார் குரல் வந்துவிட்டது. "ஒவ்வொண்ணுலயும் எழுதி வை. எந்தக் குளம், எந்தத் தேதி, எத்தனை மணி, மழையா தூறலா, தண்ணி எவ்வளவு. அது இல்லேன்னா அது வெறும் சத்தம்மா, ஒரு பிரயோசனமும் கிடையாது."

பாத்திரத்தில் காகிதம் ஒட்டினால் கழுவும்போது போய்விடும். அதனால் பாத்திரக்கடை வாசலில் பேர் வெட்டுகிற இசக்கியிடம் இரண்டு சாக்கில் கொண்டுபோய்க் கொடுத்து விவரம் எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அவன் வாழ்நாள் முழுக்கக் கலியாணப் பாத்திரமும் காதுகுத்துப் பாத்திரமும் வெட்டினவன். மாவுச் சட்டியில் 'நெடுங்குளம் குடும்பத்தார் அன்பளிப்பு' என்று வெட்டியிருந்தான். குக்கரில் 'பேச்சிக்குளம் – தூறல்' என்று பூக்கொடி போட்டு, கீழே 'திருமண நாள்' என்று தேதியும் வெட்டியிருந்தான்.

"என்னப்பா இசக்கி, இது?"

"யக்கா, ரெண்டு பேரு சொல்லித் தேதியும் சொன்னா கலியாணம். ஒரு பேரு மட்டும் சொன்னா அன்பளிப்பு. நான் வேற என்னன்னு வெட்டுவேன்?"

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பியூலாவிடம் சொன்னபோது, "தூறல் யாரும்மா, மாப்பிள்ளையா?" என்று கத்தினாள். திரும்பவும் போய், பூக்கொடிக்குக் கீழே மணியும் தண்ணீர் அளவும் நுணுக்கி நுணுக்கி வெட்டி வாங்கி வந்தேன். "எல்லாம் ஆச்சு, தூக்கு ஒண்ணுதான் பாக்கி" என்று போனில் அவளிடம் வாய்தவறிச் சொன்னேன். "அது மறுபடியும் இரவலா செண்பகம் வீட்டுல இருக்கு."

"யாரு வீட்டுல?"

"திருப்பி வாங்கிருவேன்ட்டி. அவகிட்ட ஒண்ணு இருக்கு, ரஹ்மத்கிட்ட ஒண்ணு..."

"யம்மா! குடுத்தியா? நான் இன்னும் கட்டுரையே எழுதல! யாராவது கேட்டு முந்தி எழுதிட்டா நான் என்ன செய்ய?"

"எப்பத்தான் எழுதுவ?"

"எழுதிட்டுத்தான் இருக்கேன்."

இதை எட்வின் மகள் பிறப்பதற்கு முன்னாலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை இப்போது எட்டாவது படிக்கிறது. வாய்வரை வந்ததை விழுங்கினேன். ஏனென்றால் அவள் ஒரு காலத்தில் நம்பிக் கொடுத்தவள்தான். மேலே இருந்த ஒரு சாரிடம் தன் குளங்களின் விவரத்தை முழுசாகக் கொடுத்தாள், அது அவர் பேரில் வெளிவந்தது, இவள் பேர் எங்கேயும் இல்லை, அன்றைக்கு இதே வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த முதுகை நான்தான் தடவிக்கொடுத்தேன். ஆகையால் சரி என்றேன். இனி யாருக்கும் தரமாட்டேன் என்று சொன்னேன்.

கொடுத்தது போக மிஞ்சின பாத்திரம் அத்தனையையும் துணியால் வாய் கட்டிப் பரணில் ஏற்றினேன். சம்படத்தை எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்தேன். வீடு நிறையப் பாத்திரம் இருந்தும் ஒரே சட்டியில் சோறு வடித்து, கழுவி, அதிலேயே குழம்பு வைத்து, கழுவி, அதிலேயே பால் காய்ச்சினேன். "வேற பாத்திரம் இல்லியா?" என்று இவங்க அப்பா கேட்டார். "உங்க மக ஆராய்ச்சி பண்ணுதா" என்று காதருகில் கத்தினேன். "நல்லது" என்றார். ஆண்டவரே, எனக்குப் பொறுமையைத் தாரும் என்று கேட்டேன். அவர் தந்த அளவு போதவில்லை.

தூசி தட்டப் பரணில் ஏறினபோதுதான் தெரிந்தது. ஒரு டப்பாவை இறக்கித் துணியை அவிழ்த்தேன். உள்ளே இருந்த குளம் இளைத்துப் போயிருந்தது. அரிசியை நகத்தால் அளைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொன்றைத் திறந்தேன், அது இருமியது. சுவருக்கு அந்தப் பக்கம் செண்பகத்தின் வீட்டிலோ தேரைகள் கொழுத்துப்போய்க் கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தன. சம்படத்தைக் காதோடு ஒட்டிப் பிடித்து மூடியை நூலளவு நீக்கினேன். ணிங் என்று ஒன்று. இரண்டாவது வரவில்லை.

"பியூலா, எல்லாம் சாவுதுட்டி."

"சத்தத்துக்கு வயசா ஆகும்? சும்மா பயப்படாதம்மா."

"உன் கேசட்டுக்கு ஆகலியா? டப்பாவுக்கு ஆகலியா?"

"கொஞ்சம் பொறு, லீவுல வந்து எழுதிருதேன்" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் நிரோஷா வந்தாள். வால்பாறைப் பக்கத்துப் பெண், எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், இப்போது காட்டோடைகளில் தவளை தேடி ஆராய்ச்சி செய்கிறவள். பியூலாவுக்குப் பல தடவை எழுதிக் கேட்டும் பதில் வராததால், பியூலா எப்போதோ கரும்பாறைக் குளத்துச் சத்தத்தைப் பற்றி எழுதின நாலு வரிக் குறிப்புக்கு அடியில் போட்டிருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி என் வீட்டு வாசலில் நனைந்துபோய் நின்றாள். துண்டு கொடுத்தேன், டீ கொடுத்தேன்.

"அம்மா, எங்க ஓடையில அந்தக் கரும்பாறைத் தவளை மாதிரி ஒண்ணு இருக்கலாம்னு நினைக்கிறேன். ஆனா ஆளு கண்ணுல படல, சத்தமும் போடல. பியூலா அக்கா பிடிச்ச சத்தத்தை அங்க போட்டுக் காட்டினா, ஒண்ணாவது மிஞ்சியிருந்தா பதில் சொல்லும்மா. ஆம்பளைத் தவளை சும்மா இருக்காது. ஆனா மழை நிக்கிறதுக்குள்ள போடணும்."

அவள் முன்னாலேயே போன் போட்டேன். பியூலா சொன்னது அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும்: "முடியாதும்மா. எல்லாரும் இப்படித்தான் நல்ல பிள்ளையா வந்து கேப்பாங்க." நிரோஷா தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்து முடித்தாள், டம்ளரைக் கழுவி வைத்தாள், தன் போன் நம்பரைச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்புறம் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. சம்படத்தில் கை வைக்கப் பயந்து, குக்கரில் இருந்த பேச்சிக்குளம் முதலில் ஒட்டுகிறதா பார்ப்போம் என்று, அதிலிருந்த அரிசியை ஒரு கிண்ணத்தில் கவிழ்த்தேன். இளைத்துப்போன சத்தம் இரண்டுக்கும் நடுவில் விளக்கு அணைகிற மாதிரி அணைந்தது. குக்கரிலும் இல்லை, கிண்ணத்திலும் இல்லை. குளத்தின் பேர் இருந்தது, தேதி இருந்தது, தூறலுக்குப் பூக்கொடி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். சம்படத்தை அப்படியே வைத்தாலும் சாகும், கவிழ்த்தாலும் செத்துவிடலாம். என் பிள்ளையின் ஆயுசில் பாதி அதற்குள் இருக்கிறது.

செண்பகம் வந்து கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, உறை மோரு செத்துப்போயிருந்தா நீங்க என்ன செய்விய? ஆறிப்போன ஒரு கரண்டிப் பாலுலயா விடுவிய? வெதுவெதுன்னு நிறையப் பாலுல விட்டு, ஆட்டாம மூடி வச்சு, நாலு வீட்டுக்குக் குடுப்பிய. நம்ம வீட்டுத் தயிரு போனா அந்த நாலு வீட்டுலேர்ந்து திரும்ப வாங்கிக்கிடலாம். இவ்வளவு சின்னக் கிண்ணத்துல ஒத்தையில கொட்டுனா அது எப்படிப் பிழைக்கும்?"

"நிறையன்னா எவ்வளவுட்டி?"

"உங்க கோயில் அசனத்துக்கு எவ்வளவு பெரிய அண்டா வைப்பிய!"

எங்கள் வேதக்கோயிலில் வருஷம் ஒருதரம் அசனப் பண்டிகை, ஊருக்கே சாப்பாடு. அன்றைக்கு ஊரில் எந்த வீட்டிலும் உலை வைக்க மாட்டார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் கோயில் வளாகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, மிச்சத்தைத் தூக்கில் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆள் இறங்கிக் கழுவுகிற அளவுக்கு அண்டா.

பியூலாவுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை கெஞ்சவில்லை. "அசனத்துக் குழம்புல உன் சம்படத்து உப்பைப் போடப் போறேன். வந்தா நீயே பாத்துக்கோ. வராட்டியும் போடுவேன்." அவள் கத்த ஆரம்பிக்குமுன் வைத்துவிட்டு, நிரோஷாவுக்கும் சொன்னேன். பிறகு முழங்காலில் நின்று, ஆண்டவரே, நான் செய்கிறது தப்பென்றால் அந்த அண்டாவை இப்போதே கவிழ்த்துப்போடும் என்று ஜெபித்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை.

பியூலா அசனத்தன்று முற்பகலில் பஸ்ஸிலிருந்து இறங்கி, முகம் கழுவாமல், பையைத் தோளிலிருந்து இறக்காமல், நேரே அண்டாவுக்குப் பக்கத்தில் வந்தாள். கறிக்குழம்பு கொதி அடங்கி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. காய் நறுக்கின பெண்கள், கரண்டி பிடித்த ஆண்கள், டீக்கடைக் கட்சிகள் இரண்டும், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடும்மா அதை!"

"தாறேன். மொதல்ல கேளு."

சம்படத்தை அவள் காதில் வைத்து மூடியை நீக்கினேன். என் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கண்ணை மூடினாள், புருவத்தைச் சுருக்கினாள், இன்னொரு காதுக்கு மாற்றினாள். "கேக்கலியே" என்றாள். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி, "யம்மா, கேக்கலியே" என்றாள்.

"கொஞ்சம் இருக்கு. ஆழத்துல இருக்கு."

"இதுல போட்டு இதுவும் போயிருச்சுன்னா?"

"போயிருச்சுன்னா போயிருச்சு. பரணுல வச்சும் போகத்தான் போவுது. யாருக்காகப் பிடிச்ச நீ? அம்பது வருஷம் கழிச்சுப் பொறக்கிற பிள்ளைக்குன்னு சொன்னியே, அது வந்து என் பரணுல ஏறித் தேடணுமா?" எனக்குச் சத்தம் கூடிப்போயிற்று. "உன் அண்ணன் வண்டி, அவன் மக தொட்டிலு, எல்லாத்தையும் நான் வச்சிருக்கேன், வச்சிருப்பேன். உசிருள்ளதைப் பூட்டி வைக்க எனக்குத் தெரியாது பிள்ளே."

செண்பகம் கரண்டியால் அண்டாவின் விளிம்பை ஒரு தட்டுத் தட்டினாள், "நேரமாவுதுல்லா?" என்கிற மாதிரி. பியூலா என் கையிலிருந்து சம்படத்தை வாங்கினாள். எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அதை நெஞ்சோடு ஒருதரம் அணைத்து, அண்டாவுக்கு மேலே நீட்டி, தன் கையாலேயே கவிழ்த்தாள்.

உப்பு விழுந்தது. சம்படத்தைத் தட்டிப் பார்த்தாள், அதில் ஒன்றும் இல்லை. மூடி போட்டார்கள். பாஸ்டர் ஐயர் ஜெபம் பண்ண வந்தார்.

எங்கள் ஐயர் சுருக்கமாக ஜெபிக்கிற மனுஷர் இல்லை. மழைக்காக ஜெபித்தார், நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக, அரசாங்கத்துக்காக, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்காக, வெளிநாட்டுக்குப் போக முயற்சிக்கிறவர்களுக்காக, சமைத்த கைகளுக்காக, விறகுக்காக. அதுவரை பியூலா என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்துபோனது. கடைசியில் அவர் முடித்து, மூடியைத் தூக்கச் சொல்லி, நாங்கள் எல்லாரும் ஆமென் சொல்ல வாயைத் திறந்தோம். அதற்கு முன்னால் அண்டா சொல்லிற்று.

ணிங், ணிங்.

கோயில் மணி அளவுக்கு இருந்தது. தூறல் வாடை வளாகம் முழுக்க அடித்தது, முன்வரிசையில் இருந்தவர்கள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டார்கள். காது போன இவங்க அப்பா நிமிர்ந்து, "யாரு வளையலு?" என்று கேட்டார்.

பந்தி முடிந்து தூக்கில் வாங்க வரிசை நின்றபோது பியூலா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் ஊற்றும்போது, "கரும்பாறைக் குளம், தென் மூலை. அக்டோபர் கடைசி. சாயங்காலம். தூறல். தண்ணி முழங்கால் அளவு. சொல்லுங்க" என்றாள். சொன்னால்தான் ஊற்றினாள். ரஹ்மத் சொன்னாள், உபதேசியார் சொன்னார், இசக்கி இரண்டு தரம் தப்பாகச் சொல்லி மூன்றாவது தரம் சரியாகச் சொன்னான். தெருமுனை தாண்டும் வரை ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள், சங்கீதம் ஒப்பிக்கிற மாதிரி. ஒவ்வொருவர் தூக்கிலும் ணிங், ணிங் என்றது, அண்டாவில் குறையவில்லை. பியூலாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவள் ஒருவாய் சாப்பிடவில்லை. இதை அன்றைக்கே செய்து தொலைத்திருந்தால் என் பேச்சிக்குளமும் பிழைத்திருக்கும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அசன நாள் என்று அடக்கிக்கொண்டேன்.

நிரோஷா பஸ் கிடைக்காமல் அண்டா வழிக்கிற நேரத்துக்குத்தான் ஓடி வந்தாள். பியூலாவைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றுவிட்டாள். பியூலாவும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அண்டாவுக்குள் பாதி உடம்பு குனிந்து, அடியில் இருந்ததை வழித்து, தனக்கென்று வைத்திருந்த தூக்கிலேயே போட்டு அவளிடம் நீட்டினாள். குளம், மூலை, மாசம், தூறல் என்று இல்லாத குரலில் சொன்னாள். அந்தப் பெண் திருப்பிச் சொன்னாள், ஒன்றும் விடாமல்.

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். நிரோஷா மூடியைத் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒருதரம் கேட்டாள், மூடினாள், திரும்பத் திறந்து கேட்டாள்.

"அக்கா," என்றாள், "இதுல ரெண்டு இருக்கு."

"என்னது?"

"ரெண்டு தவளை. முதல் ணிங் பக்கத்துல. ரெண்டாவது ணிங் அதோடது இல்ல. அது தூரத்துலேர்ந்து. பதில்."

"ஒண்ணுதான்" என்றாள் பியூலா. "எத்தனை வருஷமா கேக்குறேன், ஒண்ணுதான்." சொல்லிக்கொண்டே அவளும் தலையைச் சாய்த்தாள். இரண்டு தலைகளும் ஒரு தூக்கின் மேல் முட்டிக்கொண்டு நின்றன.

இலையில் போட்டு வைத்த சோறு ஆறிப்போய்க்கொண்டிருந்தது. "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுக் கேளுங்களேன்ட்டி, குளம் எங்க ஓடிப் போவுது" என்றேன். அவர்கள் காதில் விழவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"யம்மா," என்றாள் பியூலா, தலையைத் தூக்காமலே, "கொஞ்சம் பேசாம இரேன்."

என்ன செய்ய, பேசாமல் இருந்தேன். இருந்ததால் எனக்கும் கேட்டது: இந்தப் பக்கம், கைக்கெட்டுகிற தூரத்தில் ஒன்று, பிறகு குளத்தின் அந்தக் கரையில், தூறலுக்குப் பின்னால், இன்னொன்று.